கையடக்க லேபிள் பிரின்டர்: அமைப்பது எப்படி, கோளாறு வந்தால் என்ன செய்வது?

 

நம் ஊரில் வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் செய்யும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. பிரியாணி மசாலா, ஊறுகாய், நோன்புக் கஞ்சி மாவு, சமோசா, அத்தர், தைத்த புர்கா, பட்டுப்புடவை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொருள். இவர்களில் பலர் இப்போது உள்ளங்கையில் அடங்கும் லேபிள் பிரின்டரை வாங்குகிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. மை தேவையில்லை, கம்ப்யூட்டர் தேவையில்லை, செல்போன் போதும். ஆனால் வாங்கிய சில நாட்களிலேயே "போனோடு சேரவில்லை", "வெறும் தாள்தான் வருகிறது", "ஒட்டிய தேதி ஒரு மாதத்தில் அழிந்துவிட்டது" என்ற பேச்சு வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை பிரின்டரின் பழுது அல்ல. வீட்டிலேயே சரி செய்துகொள்ளலாம். அதற்கான வழிகளையும், லேபிளில் எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்பதையும் இங்கே பார்ப்போம்.

இது எப்படி வேலை செய்கிறது?

இந்தச் சிறிய பிரின்டர்களுக்குள் மை கிடையாது. தாளின் மேல்பூச்சில்தான் விஷயம் இருக்கிறது. சூடு பட்டால் கறுப்பாக மாறும் ரசாயனம் அந்தத் தாளில் பூசப்பட்டிருக்கிறது. பிரின்டரின் உள்ளே 'ஹெட்' என்ற மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 என்ற கணக்கில் நுண்ணிய சூடேறும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். லேபிள் அதன் கீழே நகரும்போது தேவையான புள்ளிகள் மட்டும் சூடாகி எழுத்தைப் பதிக்கின்றன. பில் போடும் மெஷினும் இதே முறைதான். இதற்கு 'டைரக்ட் தெர்மல்' என்று பெயர்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும். தாள் திருப்பிப் போடப்பட்டால் எழுத்தே வராது. ஹெட்டில் தூசி ஒட்டினால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். சூட்டால் வந்த எழுத்து என்பதால் வெயிலும் எண்ணெயும் அதைக் கெடுக்கும்.

முதன்முறை அமைக்கும்போது

1. முதலில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். சாதாரண 5 வோல்ட் செல்போன் சார்ஜர் போதும். இரு முனையும் 'டைப் சி' ஆக உள்ள கேபிளில் சில மலிவு பிரின்டர்கள் சார்ஜ் ஏறாது. அப்போது பிரின்டரோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

2. ரோலைப் போடுவதற்கு முன் நகத்தால் தாளின் ஓரத்தில் வேகமாகக் கீறிப் பாருங்கள். எந்தப் பக்கம் கறுப்புக் கோடு விழுகிறதோ அதுதான் அச்சாகும் பக்கம். அந்தப் பக்கம் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இரு பக்கமும் கோடு விழவில்லை என்றால் அது வேறு வகைத் தாள். இந்தப் பிரின்டருக்கு ஆகாது.

3. கம்பெனி சொல்லும் ஆப்பை, பெட்டியில் உள்ள கியூஆர் கோடு வழியாகவோ பிளே ஸ்டோரில் கம்பெனியின் பெயரைச் சரிபார்த்தோ இறக்குங்கள். லேபிள் அடிக்கும் ஆப்புக்கு உங்கள் காண்டாக்ட் பட்டியலோ எஸ்எம்எஸ் அனுமதியோ தேவையில்லை, கேட்டால் மறுத்துவிடுங்கள்.

4. பெரும்பாலான சிறிய பிரின்டர்களைப் போனின் புளூடூத் பட்டியலில் போய் இணைக்கக் கூடாது. ஆப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் 'கனெக்ட்' வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

5. லேபிளின் நீள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதே அளவை ஆப்பில் கொடுங்கள். 50க்கு 30 மில்லிமீட்டர் லேபிள் போட்டுவிட்டு ஆப்பில் 40க்கு 30 என்று விட்டால் எழுத்து ஒரு பக்கமாகத் தள்ளிப் போகும். இரண்டு அங்குலப் பிரின்டர் பலவற்றில் ஹெட்டின் அகலம் 48 மில்லிமீட்டர்தான். எனவே 50 மில்லிமீட்டர் லேபிளின் இரு ஓரத்திலும் சிறிது இடம் விட்டே எழுதுங்கள்.

6. லேபிள் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு லேபிளுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் 'கேப்'. பின்பக்கம் கறுப்புப் பட்டை இருந்தால் 'பிளாக் மார்க்'. இடைவெளியே இல்லாத நீளத் தாள் என்றால் 'கன்டினியூஸ்'. பிரின்டருக்குள் இருக்கும் சென்சார் இதைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

7. கடைசியாக ஒரே ஒரு லேபிள் மட்டும் அடித்துப் பாருங்கள். சரியாக வந்த பிறகே ஐம்பது, நூறு என்று கொடுங்கள்.

கோளாறும் தீர்வும்

பிரின்டர் போனில் தெரியவில்லை: முதலில் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போனோடு சேர்ந்திருந்தால் இன்னொரு போனுக்கு அது பெரும்பாலும் தெரியாது. அந்தப் போனில் புளூடூத்தை அணையுங்கள். அடுத்து ஆப்புக்கான அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 வரை உள்ள போன்களில் 'லொகேஷன்' அனுமதியும், 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' அனுமதியும் இல்லாவிட்டால் ஆப்பால் புளூடூத் சாதனங்களைத் தேட முடியாது. போனின் புளூடூத் பட்டியலில் ஏற்கெனவே இணைத்திருந்தால் அதை 'அன்பேர்' செய்துவிட்டு ஆப்புக்குள் இருந்து மீண்டும் முயலுங்கள்.

வெறும் தாள் வருகிறது: ரோல் திரும்பியிருக்கிறது. நகத்தால் கீறும் சோதனையைச் செய்யுங்கள்.

எழுத்து மங்கலாக இருக்கிறது: ஆப்பில் 'டென்சிட்டி' அல்லது 'டார்க்னெஸ்' என்ற அளவை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகாதீர்கள். அதிகச் சூடு ஹெட்டின் ஆயுளைக் குறைக்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பேட்டரி குறைந்தாலும் எழுத்து மங்கும். சார்ஜ் செய்துவிட்டுப் பாருங்கள்.

எழுத்துகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன: இது தமிழுக்கு அதிகம் வரும் தொல்லை. ண, ழு, னை போன்ற சுழி நிறைந்த எழுத்துகளைச் சின்னதாக அடித்தால் சுழி அடைத்துக்கொள்ளும். டென்சிட்டியை ஒரு படி குறையுங்கள். தடித்த எழுத்தைத் தவிர்த்து மெல்லிய எழுத்துருவை எடுங்கள். எழுத்தின் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் படிக்க வேண்டும் அல்லவா?

தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, கொம்பும் காலும் இடம் மாறுகின்றன: பழைய எழுத்துரு முறையில் டைப் செய்ததை ஆப்பில் ஒட்டினால் இப்படி வரும். போனில் உள்ள யூனிகோட் தமிழ் விசைப்பலகையில் நேரடியாக டைப் செய்யுங்கள். அப்போதும் சரியாக வராவிட்டால், வேறொரு ஆப்பில் லேபிளைத் தயார் செய்து படமாகச் சேமித்து, அந்தப் படத்தை அச்சிடுங்கள். படமாகப் போனால் பிரின்டருக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. உருதுவில் எழுதுபவர்களுக்கும் எழுத்துகள் துண்டு துண்டாகப் பிரியாமல் இருக்க இதுவே எளிய வழி.

ஒவ்வொரு லேபிளிலும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது: சென்சார் இடைவெளியைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஆப்பில் 'கேலிபரேஷன்' என்று இருக்கும்; அதை அழுத்துங்கள். சில பிரின்டர்களில் தாள் தள்ளும் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், இரண்டு மூன்று வெற்று லேபிளைத் தள்ளித் தானே அளந்துகொள்ளும். ரோல் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்வது நல்லது.

நீளவாக்கில் வெள்ளைக் கோடு விழுகிறது: ஹெட்டில் பசையோ தூசியோ ஒட்டியிருக்கிறது. பிரின்டரை அணைத்து, சூடு ஆறும் வரை காத்திருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். இது எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் துடைக்கும் திரவம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் போன்ற பிசுக்கு இருக்கும். தண்ணீரும் வேண்டாம். சில நிமிடம் காய விட்டுப் பிறகு அடியுங்கள். துடைத்த பின்னும் அதே இடத்தில் அதே கோடு விழுந்தால் ஹெட்டில் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது என்று பொருள். அதை வீட்டில் சரி செய்ய முடியாது.

லேபிள் உள்ளே சுருட்டிக்கொண்டது: மூடியைத் திறந்து, தாள் வழக்கமாக வெளியே வரும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். ஊக்கு, பிளேடு, கத்தி எதையும் உள்ளே விடாதீர்கள். ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தால் போயிற்று. உருளையில் பசை இருந்தால் அதே திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம்.

புது ரோல் போட்டதும் 'தாள் இல்லை' என்கிறது: சில கம்பெனிகள் தங்கள் ரோலுக்குள் ஒரு சிறு சிப் வைக்கின்றன. வேறு ரோல் போட்டால் அந்தப் பிரின்டர் ஏற்காது. எனவே வாங்கும் முன்பே "எந்த ரோலும் போடலாமா, இதே கம்பெனி ரோல்தான் வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரின்டர் விலை குறைவாக இருந்து ரோல் விலை கூடுதலாக இருந்தால் வருடக் கணக்கில் நஷ்டம்தான்.

கவனிக்க வேண்டிய பெரிய கோளாறு: அழியும் எழுத்து

மேலே சொன்னவை எல்லாம் அச்சிடும்போதே கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. இன்று பளிச்சென்று இருக்கும் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும். விலை அழிந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். ஊறுகாய் பாட்டிலில் காலாவதித் தேதி அழிந்தால்? முந்திரி கலந்த மசாலாவில் "முந்திரி உள்ளது" என்ற வரி அழிந்து, அது ஒவ்வாத குழந்தையின் தட்டுக்குப் போனால்?

சாதாரண தெர்மல் லேபிளுக்கு நான்கு பகை: வெயில், சூடு, எண்ணெய், ஆல்கஹால். எண்ணெய் கசியும் ஊறுகாய் பாட்டில், அத்தரும் சென்ட்டும் வழியும் குப்பி, அடுப்பருகே வைக்கும் மசாலா டப்பா ஆகிய மூன்றும் இதற்கு ஏற்ற இடமல்ல. புது ரோலைக் கூட வெயிலில் நிற்கும் கார், பைக் பெட்டியில் வைத்தால் தாளே சாம்பல் நிறமாகிவிடும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

என்ன செய்யலாம்?

மேலே பாதுகாப்புப் பூச்சு உள்ள அல்லது பிளாஸ்டிக் வகைத் தெர்மல் லேபிள் கேட்டு வாங்குங்கள். தண்ணீரையும் எண்ணெயையும் இது கூடுதலாகத் தாங்கும்.

மாதக் கணக்கில் இருப்பு வைக்கும் பொருளுக்கு 'தெர்மல் டிரான்ஸ்ஃபர்' எனப்படும் ரிப்பன் வகைப் பிரின்டரே நல்லது. அதில் ரிப்பனில் உள்ள மை லேபிளில் படிகிறது, எழுத்து நிலைக்கும். தனியாக வாங்க இயலாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிய ரோலை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நான்கு லேபிள் அடியுங்கள். ஒன்றில் சமையல் எண்ணெய் தடவுங்கள். ஒன்றை ஜன்னல் வெயிலில் ஒட்டுங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அந்த ரோல் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜுக்குப் போகும் டப்பாவில் முன்கூட்டியே, ஈரமில்லாமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். குளிர்ந்து வியர்த்த டப்பாவில் பசை பிடிக்காது.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு

பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளும், 2011ஆம் ஆண்டு எடையளவுப் பொட்டலப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அனைத்து வரிகளும் உட்பட்ட விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை முக்கியமானவை. கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற ஒவ்வாமை தரும் பொருட்கள் இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும். பொருளுக்கு ஏற்ப இன்னும் சில விவரங்களும் தேவைப்படலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு முறை மாதிரி லேபிளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களில் பலர் தவறிவிடுகிறார்கள். முதலாவது, இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அச்சிட்டால் சட்டப்படி போதாது. இரண்டாவது, சைவத்துக்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்று அடையாளம் உண்டு. நம் பிரின்டர் கறுப்பில் மட்டுமே அடிக்கும். எனவே கடைப் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண், வண்ண அடையாளம் ஆகிய மாறாத விவரங்களை அச்சகத்தில் மொத்தமாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பேட்ச், விலை ஆகிய மாறும் விவரங்களைத் தனி ஸ்டிக்கராக ஒட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே சிறிய பிரின்டரில் அடித்து அதற்கான இடத்தில் ஒட்டுங்கள். செலவும் குறையும், பிழையும் குறையும்.

ஆப்பில் ஒரு வசதி இருக்கும்: லேபிள் அடிக்கும் நாளின் தேதியைத் தானே போட்டுக்கொள்ளும். பொருள் தயாரித்தது திங்கள், லேபிள் அடித்தது வியாழன் என்றால் அதில் தவறான தேதி விழும். தயாரித்த நாளை நீங்களே டைப் செய்யுங்கள்.

பட்டுப்புடவை விற்பவர்களுக்கு

புடவையின் மேல் எந்த லேபிளையும் நேரடியாக ஒட்டாதீர்கள். பசை பட்டு நூலில் கறையாகப் படியும். ஜரிகையின் மேல் ஒட்டியதைப் பிய்த்தால் ஜரிகை கிளம்பும். லேபிளை ஒரு தடித்த அட்டையில் ஒட்டி, அட்டையை நூலால் கட்டுங்கள். இல்லையென்றால் வெளி உறையில் ஒட்டுங்கள்.

பிரின்டர் கையில் இருப்பதால் எதையும் அடித்துவிடலாம் என்றாகாது. காஞ்சிபுரம் பட்டு 2005-06ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த அடையாளத்துக்கு உரியதல்லாத புடவையில் அந்தப் பெயரைப் பொய்யாகப் போடுவது, புவிசார் குறியீடுச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை கொண்டு செல்லும் குற்றம். அசல் பட்டுக்கான 'சில்க் மார்க்' 2004லும், கைத்தறிக்கான 'ஹேண்ட்லூம் மார்க்' 2006லும் தொடங்கப்பட்டவை. இந்த முத்திரைகளை அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உரிய அமைப்பிடமிருந்து வாங்கி வைக்க முடியும். அந்தப் படத்தைப் போனில் எடுத்து நாமே லேபிளாக அடிப்பது மோசடி. தறியில் நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்தவரின் கூலி அந்த முத்திரையை நம்பித்தான் இருக்கிறது. நம் பிரின்டரில் புடவை எண், நிறம், விலை, கடைப் பெயர் ஆகியவற்றை அடித்தால் போதும்.

கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனிப் பொருளின் மேல் அச்சிட்ட விலையை மறைத்துக் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டவிரோதம். விலையைக் குறைத்து ஒட்டலாம். அப்போதும் பழைய விலை மறையக் கூடாது.

வீட்டு உபயோகத்துக்கு

வியாபாரம் இல்லாத வீட்டிலும் இது உதவும். பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் "காலை – சாப்பாட்டுக்குப் பின்", "இரவு" என்று பெரிய எழுத்தில் ஒட்டலாம். ஆனால் மாத்திரை அட்டையிலோ மருந்து பாட்டிலிலோ கம்பெனி அச்சிட்ட பெயரையும் காலாவதித் தேதியையும் மறைக்காதீர்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் அன்றே பழைய லேபிளைக் கிழித்துவிடுங்கள்.

கியூஆர் கோடு அடிப்பதானால் குறைந்தது 2 சென்டிமீட்டர் அளவில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அடியுங்கள். ஒட்டும் முன் இரண்டு வேறு போன்களில் ஸ்கேன் செய்து, வரும் பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். லேபிள் கடைசியில் குப்பைக்குத்தான் போகும். ஆகவே இறைவசனங்களையோ அல்லாஹ்வின் திருநாமங்களையோ அதில் அச்சிட வேண்டாம். ஹலால் சான்று பெறாமல் எந்தச் சான்று அமைப்பின் முத்திரையையும் போட வேண்டாம்.

பிரின்டரும் அமானிதமும்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இன்று பொருளை வாங்குபவர் பொட்டலத்துக்குள் கையை விட்டுப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பதை அவருக்குச் சொல்வது அந்தச் சின்ன லேபிள் மட்டும்தான். மீந்துபோன பொட்டலத்துக்குப் புதுத் தேதி அடித்து ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் ஒருவருடைய வயிற்றுக்கும் உயிருக்கும் நாம் பொறுப்பாளியாகிறோம்.

கிழித்து வைத்துக்கொள்ள

ரோல் மாற்றும்போதெல்லாம்: நகத்தால் கீறிப் பக்கம் பார்க்கவும், ஹெட்டைத் துடைக்கவும், கேலிபரேஷன் செய்யவும், ஒரு லேபிள் அடித்துச் சரிபார்க்கவும்.

ஒட்டும் முன்: தேதி தயாரித்த நாள்தானா? எடை தராசில் பார்த்ததா? சேர்மானத்தில் எதுவும் விடுபட்டதா?

ஒட்டிய பின்: பேட்சுக்கு ஒரு பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும். அதன் காலாவதித் தேதி வரை எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும். மங்கத் தொடங்கினால் ரோலை மாற்றவும். கடையில் மீதியிருக்கும் பொட்டலங்களையும் எடுத்து, தயாரித்த அதே தேதியோடு புது லேபிள் ஒட்டித் தரவும்.

நம் தொழில்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.